பத்து டிகிரிக்கு மேல் குளிராதா?

கார்த்திகை பிறந்தால் போதும், நமது நகரத்து ஏடுகளுக்குக் கொண்டாட்டம் பிறந்துவிடுகிறது. ஐதராபாத் ஊட்டியாகிவிட்டதாம்! தக்காணம் காஷ்மீராகிவிட்டதாம்! ஹுசேன் சாகர் மீது மூடுபனி கவிந்த படம் ஒரு பக்கம்; ஆவி பறக்கும் இரானிச் சாயா மறுபக்கம். போதாக்குறைக்கு வடதுருவக் காற்று, இமயப் பனிப்பொழிவு, லா நினா என்று உலகச் செய்திகளிலிருந்து அள்ளிவந்த சொற்கள். படிக்கிறவர் போர்வையை இன்னும் சற்று இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இந்த வருஷம் குளிர் சுகமாக இருக்கிறது" என்கிறார்.

போர்வை உள்ளவருக்குக் குளிர் சுகம்தான். நாம் அதை மறுக்கவில்லை. போர்வை இல்லாதவருக்கு அது என்ன என்பதே நமது கேள்வி. அந்தக் கேள்விக்கு அரசாங்கம் கையில் வைத்திருக்கும் விடை ஓர் எண். பத்து! அந்த எண்ணைப் பற்றியும், ஒரு காலத்தில் சட்டப் புத்தகத்தில் இருந்து இன்று காணாமற்போய்விட்ட வேறோர் எண்ணைப் பற்றியும் வாசகர்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

பனி பெய்வது அங்கே, நடுங்குவது இங்கே

மத்தியதரைக் கடல் பக்கமிருந்து புறப்படும் காற்றுச் சுழற்சிகள் குளிர்காலத்தில் இமயமலையில் பனியைக் கொட்டிவிட்டுக் கிழக்கே நகர்கின்றன. அவை கடந்ததும் வானம் வெளுக்கிறது. வடக்கேயிருந்து வறண்ட குளிர்காற்று மத்திய இந்தியாவைத் தாண்டித் தெற்கே இறங்குகிறது. தெலங்கானாவில் முதலில் அடிபடுவது வட எல்லையிலுள்ள ஆதிலாபாத். பிறகு மேதக், சங்காரெட்டி, பிறகு நாம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில், கடலின் தயவு சிறிதும் இல்லாத பாறைப் பூமி இது. மேகமற்ற இரவில் பகல் முழுதும் வாங்கிய சூட்டை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஒற்றைப் பையோடு வந்து இறங்கியவர்கள் முதல் டிசம்பரிலேயே இதைத் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே, குளிர் அலை என்பது டில்லிக்காரர்களின் சங்கதி என்று எண்ணுவோர் அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ளட்டும். பஞ்சாப், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார் ஆகியவற்றோடு தெலங்கானாவையும் குளிர் அலை மையப் பகுதியில் சேர்த்திருப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையேதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான குளிர்கால முன்னோட்டத்தையும் 2016 முதல் அத்துறை வெளியிட்டு வருகிறது. அதாவது, குளிர் சொல்லாமல் வருவதில்லை. சொல்லிக்கொண்டுதான் வருகிறது. தெரியாது என்று சொல்லும் உரிமை எந்த அதிகாரிக்கும் இல்லை.

அலை எப்போது அலையாகிறது?

எப்போது குளிர் அலை என்று அறிவிப்பார்கள்? சமவெளியில் குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். அத்துடன் அது வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். அல்லது வெப்பம் 4 டிகிரிக்கே இறங்கிவிட வேண்டும். அதுவும் ஒரு வானிலைப் பிரிவில் இரண்டு நிலையங்களிலாவது, தொடர்ந்து இரண்டு நாட்களாவது நிகழ வேண்டும். இரண்டாம் நாள்தான் குளிர் அலை என்ற அறிவிப்பு.

பேகம்பேட்டை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 6.1 டிகிரி. அது 1946 ஜனவரியில். ஆக, நான்கு டிகிரி என்ற வாசல் இந்நகரத்துக்கு ஒருநாளும் திறந்ததில்லை. மிஞ்சுவது பத்து என்ற வாசல் மட்டுமே.

சற்று எண்ணிப் பாருங்கள். இரவு 11 டிகிரி. செகந்திராபாத் ரயிலடிக்கு வெளியே வெறுந்தரையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒருவன் படுத்திருக்கிறான். புத்தகப்படி அவன்மேல் குளிர் அலை வீசவில்லை! இன்னொருவன் 9 டிகிரியில், முதல் நாள் இரவிலேயே விறைத்துப்போகிறான். புத்தகப்படி அவன் அலை அறிவிக்கப்படும் முன்பே செத்தவன்!

வானிலை விஞ்ஞானிகளை நாம் குற்றஞ்சாட்டவில்லை. காற்றின் போக்கை அளக்க அவர்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும், வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கையையும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து முன்கூட்டியே தருகிறார்கள். குற்றம் எங்கே? காற்றை அளக்கும் கோலை எடுத்துப் பசியையும் கூரையையும் அளக்கிறார்களே ஆட்சியாளர்கள், அங்கே!

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து என்பது மருத்துவப் பாடம். அதற்கு வெளியே பனி கொட்ட வேண்டியதில்லை. நனைந்த உடை, வெறும் வயிறு, ஈரத் தரை, வீசும் காற்று, குடி, முதுமை, இவற்றில் இரண்டு சேர்ந்தாலே பத்துக்கு மேற்பட்ட டிகிரியிலும் உயிர் போகும். இந்திய மரணங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, கடுங்குளிரால் நேர்ந்த மரணங்களைவிட மிதமான குளிரால் நேர்ந்தவை பன்மடங்கு என்று கண்டது. பக்கவாதம், மாரடைப்பு, மூச்சு நோய் என்ற பெயர்களில் அவை நிகழ்ந்தன. செய்தியாகாத குளிரே அதிகம் பேரைக் கொல்கிறது!

பணக்கார நாட்டிலும் கதை இதுதான். 2021 பிப்ரவரியில் வடதுருவக் குளிர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வரை இறங்கியது. மின்சாரம் நின்றது. அம்மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் மாண்டனர். அதைவிடக் கடுமையான குளிரை அந்நாட்டின் வட மாநிலங்கள் ஆண்டுதோறும் தாங்கிக்கொள்கின்றன. ஏனெனில் அங்கே வீடும் கம்பியும் குழாயும் குளிரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. ஆகவே கேட்க வேண்டியது எத்தனை டிகிரி என்பதல்ல. எத்தனை சுவர், எத்தனை கம்பளி என்பதே.

எங்கே அளக்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள்?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. "ஐதராபாத்தின் குளிர்" என்று நாம் படிக்கும் எண் பெரும்பாலும் பேகம்பேட்டையின் எண். பேகம்பேட்டை நகரத்தின் நடுவே கட்டடங்களும் தார்ச்சாலைகளும் சூழ்ந்த இடம். அவை பகலில் உண்ட சூட்டை இரவில் கக்குகின்றன. பட்டஞ்செருவிலும் ராஜேந்திரநகரிலும் அதே இரவில் சில டிகிரி குறைவாகப் பதிவாவது வழக்கம்.

நகரத்தைக் கட்டுகிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்? பேகம்பேட்டையிலா? கோகாபேட்டையில், நார்சிங்கியில், தெல்லாப்பூரில், கொல்லூரில். முப்பது, நாற்பது மாடிக் கட்டடங்களின் காலடியில், தகரக் கொட்டகையில். இன்னும் வெளியே போனால் செங்கல் சூளைகள். ஒரிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பங்கள் அங்கே மண் பிசைகின்றன. மழை முடிந்து கோடை முடியும் வரை சூளை வேலை. குளிர்காலம் முழுதும் விடியுமுன்னே ஈரக் களிமண்ணில் கை வைத்தாக வேண்டும். இரவில் தார்ப்பாய்க் குடிசை. எங்கே குளிர் அதிகமோ அங்கே உழைப்பாளி; எங்கே குளிர் குறைவோ அங்கே அளவுமானி!

இருபது என்று சொன்ன சட்டம்

இப்போது அந்த மற்றோர் எண்ணுக்கு வருவோம்.

ஒரிசாவில் 'தாதன்' என்ற பெயரில் முன்பணம் கொடுத்து ஆட்களை அள்ளிக்கொண்டுபோன கொடுமை நாடறிய வெளிவந்ததன் பின்னணியில், 1979-இல் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் பிறந்தது. இருப்பிடம், மருத்துவம், இடப்பெயர்வுப் படி ஆகியவற்றோடு பாதுகாப்பு உடையையும் காண்டிராக்டரின் கடமை என்று அச்சட்டம் எழுதியது. மத்திய அரசின் பொறுப்பிலுள்ள வேலையிடங்களுக்கென 1980-இல் வகுத்த விதிகள் அந்த உடை என்ன என்றும் சொல்லின. வெப்பம் 20 டிகிரிக்குக் கீழ் இறங்கும் இடத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கம்பளிக் கோட்டு ஒன்று, கம்பளிக் கால்சட்டை ஒன்று. 5 டிகிரிக்கும் கீழ் இறங்கும் இடத்தில் மேலங்கியும் சேர்த்து!

இருபது டிகிரி, தோழர்களே! பத்து அல்ல. இந்நகரத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு மாதமும் சராசரி இரவு வெப்பம் இருபதுக்குக் கீழேதான். அந்த அளவுகோலை எல்லா வேலையிடங்களுக்கும் நீட்டியிருந்தால் ஐதராபாத்தில் ஒவ்வொரு புலம்பெயர்ந்த தொழிலாளியின் முதுகிலும் ஒரு கம்பளிக் கோட்டு இருந்திருக்க வேண்டும்.

யாராவது பார்த்ததுண்டா? கட்டட வேலைக்குப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மேஸ்திரி கையால் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கியவர் கையுயர்த்தட்டும்! அப்படி ஒரு விதி இருந்தது என்று கேள்விப்பட்டவராவது கையுயர்த்தட்டும்!

இருந்தும் அந்த வரி புத்தகத்தில் இருந்தது. கேட்பதற்கு ஒரு பிடி இருந்தது. இன்று அதுவும் இல்லை. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. குளிர்காலத்தின் வாசலில்! புலம்பெயர்ந்தோருக்கு உரிய வசதிகள் என்று அத்தொகுப்பு அடுக்கும் பட்டியலில் "தகுந்த பணிநிலைமை" என்ற பொதுச் சொல் இருக்கிறது. ஊருக்குப் போய்வரப் பயணப்படி இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. கம்பளி இல்லை. இடப்பெயர்வுப் படியும் இல்லை. ஐந்து பேர் இருந்தாலே பாய்ந்த சட்டம், இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் பாய்கிறது.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காண்டிராக்டர் இல்லாமல் தானே வேலை தேடி வந்தவனையும் புலம்பெயர்ந்த தொழிலாளி என்று புதிய தொகுப்பு ஒப்புக்கொள்கிறது. பழைய சட்டம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. இது முன்னேற்றமே. ஆனால் ஆளைச் சேர்த்துக்கொண்டு அவன் கோட்டைக் கழற்றிக்கொள்வது என்ன நீதி?

கம்பளி நமக்குப் புதிதல்ல

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கம்பளியின் கதை தெரியாததா? இலங்கையின் தேயிலை மலைக்கு நம் முன்னோரைக் கங்காணி கூட்டிச் சென்ற காலத்தில், குளிருக்குக் கொடுத்த கம்பளிக்கும் கணக்கெழுதிக் கூலியில் பிடித்தார்கள். துண்டுச் சீட்டில் ஏறிய கடனோடு கம்பளிக் கடனும் ஏறியது. குளிரையும் கடனாக்கிய கெட்டிக்காரர்கள் தோட்ட முதலாளிகள்! இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, மழைக்கும் குளிருக்கும் குடையும் போர்வையும் முதலாளியே கொடுக்கும்படி விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. கடனாக இருந்த கம்பளி அன்று உரிமையாயிற்று. அந்தச் சட்டமும் அதே நவம்பர் 21-இல் அதே தொகுப்பில் கரைந்துவிட்டது.

கடனாகத் தொடங்கியது, போராடியபின் உரிமையாயிற்று. இன்று தருமமாகிவிட்டது. ஜனவரி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு கம்பளி வழங்கு விழா! ஒரு கம்பளியை எட்டுக் கைகள் பிடித்துக்கொண்டு படமெடுத்துக்கொள்கின்றன. வாங்குகிறவனின் முகம் படத்தில் பாதி மறைந்துவிடுகிறது. கொடுக்கிறவர்களின் நல்ல மனத்தை நாம் கேலி செய்யவில்லை. ஒரு கம்பளி ஓர் இரவையாவது காக்கும். ஆனால் காண்டிராக்டர் கொடுக்க வேண்டியதைக் கருணையாளர் கொடுத்தால் லாபம் யாருக்கு? காண்டிராக்டருக்கே!

அறுபத்தேழு எங்கே?

வேலையிடத்துக் கதை இது. வேலையிடமே இல்லாமல் நடைபாதையில் படுப்பவர் கதை வேறு.

2009 டிசம்பரில், டில்லியில் கடுங்குளிர் நாளில் மாநகராட்சி ஓர் இரவுக் குடிலைக் கலைத்தது. உணவு உரிமை வழக்கை விசாரித்துவந்த உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு அது போயிற்று. 2010-இல் நீதிமன்றம் பெருநகரங்களுக்கெல்லாம் உத்தரவிட்டது: லட்சம் பேருக்கு ஓர் உறைவிடம், இருபத்துநான்கு மணி நேரமும், ஆண்டு முழுதும் திறந்திருக்க வேண்டும். 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஓர் உறைவிடத்தில் நூறு பேராவது தங்க வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடியாவது வேண்டும் என்று அளவும் சொன்னது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐதராபாத் பெருநகர மாநகராட்சி எல்லைக்குள் 67 லட்சம் பேர். ஆக அன்றைய கணக்குக்கே 67 உறைவிடங்கள் வேண்டும். நகரம் அதற்குப் பிறகு எவ்வளவு பெருத்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்போ அந்த ஆண்டில் எடுக்கப்படவில்லை. உறைவிடங்கள் எத்தனை? உத்தரவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏடுகளில் வந்த எண்கள் பன்னிரண்டு, பதினைந்து என்பவையே. அறுபத்தேழு எங்கே, பதினைந்து எங்கே!

மரணத்துக்கும் கணக்குண்டு. 2019 முதல் 2023 வரை ஐந்தாண்டுகளில் நாட்டில் குளிரால் மாண்டவர் 3,639 பேர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. தேசிய மனித உரிமை ஆணையமே 2025-இல் மாநிலங்களுக்கு எழுதும்போது அதை எடுத்துக்காட்டியது. ஆனால் நடைபாதையில் விடியற்காலையில் கிடக்கும் உடலுக்கு எத்தனை இடங்களில் "குளிர்" என்று காரணம் எழுதுகிறார்கள்? "மாரடைப்பு", "அடையாளம் தெரியாதவர்" என்று எழுதிவிட்டால் கோப்பு மூடிவிடும்.

அப்படி எழுதுவதில் காசும் அடங்கியிருக்கிறது. குளிர் அலை 2012 முதல் பேரிடர் நிவாரணப் பட்டியலில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் தெலங்கானா அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலுக்குப் பலியானோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல காரியம், வரவேற்கிறோம். வெயிலில் செத்தவனைக் கணக்கில் எடுக்கத் தெரிந்த அரசுக்கு, அதே மனிதன் அதே கொட்டகையில் சில மாதம் முன்னே குளிரில் செத்தால் கணக்கில் எடுக்கத் தெரியாதா?

நம் வீட்டு வாசலிலும் ஒரு கேள்வி

ஆட்சியாளரை மட்டும் கேட்டு முடித்துக்கொண்டால் நாம் நேர்மையானவர்களல்லர். நமது சங்கமும் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிக் கம்பளி கொடுக்கிறது. யாருக்கு? தமிழருக்கு. ஒரியா பேசும் சூளைக்காரர்களுக்கும் கொடுப்போமே என்றால், "அவர்களுக்கு அவர்கள் சங்கம் இல்லையா?" என்ற பதில் நம்மவர் வாயிலிருந்தே வருகிறது.

அவர்களுக்குச் சங்கம் இல்லை, நண்பர்களே! அதுதான் உண்மை. மொழி தெரியாது, ஓட்டு இங்கில்லை, குடும்ப அட்டை ஊரில் கிடக்கிறது. பாளையத்துக்குப் பட்டாளத்தோடும், லாலாகுடாவுக்கு ரயில்வேயோடும், பிறகு கட்டடத்தோடும் ஆழ்துளைக் கிணற்று லாரியோடும் வந்த நாமும் ஒருநாள் அப்படித்தான் இருந்தோம். இன்று மாரேட்பள்ளியிலும் தார்நாகாவிலும் ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. அதனால் குளிர் நமக்குச் சுகமாயிற்று. நமது தகப்பன்மார் நடுங்கிய அதே இரவில் இன்று நடுங்குகிறவன் வேறு மொழிக்காரன். முதலாளியின் கணக்கேட்டில் அவனும் அவர்களும் ஒரே வரி. இன்றைக்கு அவனுக்கில்லாத கோட்டு, நாளைக்கு தருமபுரியிலிருந்து வந்திறங்கும் பிள்ளைக்கும் இருக்காது.

"கம்பளி கொடு என்றால் காண்டிராக்டர் வேலையே கொடுக்கமாட்டான்" என்பார் சிலர். இரண்டாண்டுக்கு ஒரு கோட்டும் ஒரு கால்சட்டையும் கொடுத்தால் கவிழ்ந்துவிடும் தொழிலா இது? ஒரு மாடியின் சலவைக்கல்லில் ஒரு மூலையை விற்றால் ஒரு கொட்டகைக்கே கோட்டு வாங்கலாம்! வேலையை நிறுத்தப்போவதாக மிரட்டுகிறவனுக்கும் வேலை முடிந்தால்தான் காசு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே நமது சங்கம் இக்குளிர்காலத்துக்குள் அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: புதிய தொகுப்பின்கீழ் தெலங்கானா அரசின் விதிகளில், 20 டிகிரிக்குக் கீழ் கம்பளி உடை தருவது வேலை கொடுப்பவனின் கடமை என்ற பழைய வரி, எல்லாத் தனியார் வேலையிடங்களுக்கும் பொருந்தும்படி எழுதப்பட வேண்டும். அது கூலியில் பிடிக்கப்படலாகாது.

இரண்டு: 67 உறைவிடங்கள் எங்கெங்கே, எத்தனை படுக்கை என்ற பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இல்லாதவை கட்டப்பட வேண்டும்.

மூன்று: குளிர்கால எச்சரிக்கை பேகம்பேட்டையை மட்டும் பார்த்து வரலாகாது. கட்டட வேலையும் சூளையும் உள்ள புறநகர் நிலையங்களின் அளவைக் கொண்டு, தெலுங்கோடு ஒரியா, இந்தி, தமிழிலும் தொழிலாளர் கொட்டகை வரை போய்ச் சேர வேண்டும்.

நான்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை திறந்தவெளியிலும் கொட்டகையிலும் நேரும் ஒவ்வொரு மரணத்திலும் குளிர் காரணமா என்று விசாரித்து எழுத வேண்டும்.

சங்கத்துக்கென்று ஒரு வேலையும் உண்டு. இம்முறை கம்பளி கொடுக்கப் போகும்போது, கம்பளியோடு ஒரு தாளும் எடுத்துச் செல்வோம். வேலையிடத்தின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, எங்கே படுக்கிறார்கள், காண்டிராக்டர் குளிருக்கு என்ன கொடுத்தான் என்ற நான்கே கேள்விகள். எந்த மொழிக்காரனானாலும் கேட்டு எழுதிக்கொள்வோம். அந்தத் தாள்களைக் கட்டாகக் கட்டித் தொழிலாளர் துறை ஆணையரின் மேசைமேல் வைப்போம். படமெடுக்க வேண்டுமானால் அங்கே நின்று எடுத்துக்கொள்ளலாம்!